மலைச்சரக்குப் பக்கம்

கள்ளக்குறிச்சி
12 ஜனவரி 2025, ஞாயிறு

அன்பு மருமகள் மாஹிராவுக்கு,

உன் மீதும் என் மகன் ஆஷிக் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நான் நலம். முழங்கால் மட்டும் மார்கழிக் குளிரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் நீ வந்திருந்தபோது இந்த டேப்பில் அமைத்துக் கொடுத்தாயே, அந்தக் கணக்குச் செயலியில்தான் இதை எழுதுகிறேன். வரவு, செலவு, கடை வாடகை, மருந்து என்று நான்கு பக்கம் போட்டுக் கொடுத்தாய். ஐந்தாவதாக ஒரு வெற்றுப் பக்கம் ‘தலைப்பு இல்லை’ என்று நின்றுகொண்டிருந்தது. தலைப்பில்லாத தாளை எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் கையால் தொடமாட்டார்கள். ‘கடிதங்கள்’ என்று பெயர் வைத்துவிட்டேன். இனி வாட்ஸப்பில் பாதி வாக்கியத்தில் பேச வேண்டாம். இங்கே எழுது. தேதி போடு. முடிவில் பெயர் போடு.

முதல் குறை: உன் பக்கத்தின் தலைப்பில் ‘சிலவு’ என்று இருந்தது. ‘செலவு’ என்று திருத்திவிட்டேன். ஷார்ஜாவில் கணக்காளராக இருப்பவள் செய்யக்கூடிய பிழையா இது?

மற்றபடி எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. உன் மாமா இருந்தவரை நோட்டுப் புத்தகம் போதுமாக இருந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு என் கையெழுத்தே எனக்குக் கொசு மொய்த்தது போலத் தெரிகிறது. இதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது. சாய்கோடு ஒன்றைத் தட்டினால் ஒரு நீளப் பட்டியல் கீழே தொங்குகிறது. அதில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேற்றுப் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இன்னொரு சிறு முக்கோணம் இருக்கிறது. அதைத் தொட்டால் சேலைக் கொசுவம் போல மடிந்திருக்கும் வரிகள் விரிகின்றன, மறுபடி தொட்டால் மடிகின்றன. பக்கத்துக்குள் ஒரு பக்கம், அதற்குள் இன்னொன்று. எவ்வளவு ஆழம் போகும் என்று பார்க்க இறங்கிக்கொண்டே போனேன். அடி தெரியவில்லை. மேலே ஏறி வரத்தான் வழி தெரியாமல் தவித்தேன். மாதச் செலவை அது தானே கூட்டிக் காட்டியது. நம்பாமல் நானும் கையால் கூட்டினேன். இருவருக்கும் ஒரே விடை. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

நானாக ஒரு பக்கம் திறந்து ‘மலைச்சரக்கு’ என்று பெயரிட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தை ஒருவருக்குக் காட்டி இன்னொருவருக்கு மறைக்க முடியுமா? தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிறேன்.

துஆவுடன்,
உன் மாமி
அத்தியா பேகம்


ஷார்ஜா
15 ஜனவரி 2025

மரியாதைக்குரிய மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தேதி போட்டுவிட்டேன், பாருங்கள். ‘சிலவு’ என்று எங்கள் தியாகதுருகத்தில் எல்லோரும் எழுதுவார்கள். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் இந்த முறையை ஆபீஸில் பத்து பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யாரும் ஆழம் பார்க்க இறங்கியதில்லை. அவர்களிடம் உங்கள் கதையைச் சொன்னேன். ‘உங்க மாமிக்கு இங்க வேலை தரலாமா’ என்று கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்டது முடியும். பக்கத்தின் மேல் ஓரத்தில் ‘பகிர்’ என்று இருக்கிறது. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இப்போதைக்கு மொத்தக் கணக்குக்கும் நான் உரிமையாளர், நீங்கள் உறுப்பினர். அதனால் நீங்கள் எழுதுவதெல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்ததால் ஒரு கேள்வி. மலைச்சரக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புளி 12,000. கடுக்காய் 8,500. தேன் 3,000. சாமை 21,000. இப்படி ஒன்பது வரி. மாமி, வீட்டில் நீங்கள் ஒரே ஆள். வாரத்தில் இரண்டு நாள் ரசம். பன்னிரண்டாயிரத்துக்குப் புளியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதிலும் நேற்று அது 9,000 ஆகிவிட்டது. மூவாயிரம் ரூபாய்ப் புளியை ஒரு வாரத்தில் கரைத்துவிட்டீர்களா? நினைத்தாலே பல் கூசுகிறது.

அவர் நலம். வேலை ஜாஸ்தி. உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
மாஹிரா


கள்ளக்குறிச்சி
2 பிப்ரவரி 2025

அன்பு மாஹிரா,

நலமே. நீயும் அவ்வாறே இருக்க இறைஞ்சுகிறேன்.

‘உறுப்பினர்’ என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். என் வீடு, என் வாடகை, என் மருந்து. இதில் நான் உறுப்பினர்! பஞ்சாயத்து வார்டிலா நிற்கிறேன்? உரிமையாளரை மாற்ற வழி இருக்கும். அதைக் கண்டுபிடித்து மாற்று.

புளியைப் பற்றிக் கேட்டாய். புளி புளிதான். அந்தப் பக்கத்தை மேயாதே.

வேறு விஷயம் சொல்கிறேன். கச்சிராயபாளையத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அய்யனார் நேற்று வந்தான். கரும்பு வெட்டு முடிந்து குத்தகைப் பணத்தைக் கொண்டுவந்திருந்தான். நான் டேப்பும் கையுமாக இருந்தேன்.

“இன்னாங்க பாயம்மா, பரீச்சைக்குப் படிக்கிற மாரி உக்காந்துக்கினு இருக்கீங்க?” என்றான்.

“கணக்கு எழுதுகிறேன், அய்யனார்.”

“எங் கரும்பும் இதுல கீதா?”

காட்டினேன். தன் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான். எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. வண்ணம் மாற்றிக் காட்டினேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புப் படம் வைக்கத் தேடினேன். கரும்பு இல்லை, மூங்கில்தான் இருந்தது. “பரவால்லீங்க, தூரத்துல இருந்து பாத்தா கரும்புதான்” என்றான்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: “இத்த வேற யாருங்க பாப்பாங்க?”

“ஷார்ஜாவில் என் மருமகள்.”

“ஷார்ஜா பாத்தா பாத்துக்கினு போவட்டும். எங்க வூட்டுக்காரி பாக்காம பாத்துக்குங்க. குத்தகை ஜாஸ்தின்னு சொல்லிவெச்சிருக்கேன். நம்ம கையில கொஞ்சம் நிக்கணுமில்லீங்களா? அவளுக்கு இன்னா, கைல ஒரு பைசா சேத்துவெக்கத் தெரியாது.”

நான் முகம் மாறாமல் தலையாட்டினேன். அப்போது சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏன் என்று கேட்காதே.

புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு என்று ஒன்று இருக்கிறது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று சொல்கிறது. நீ ‘மலைச்சரக்கு’ பக்கத்தில் ‘சேமிப்பு’ என்று ஒரு வகைப் பெயர் போட்டிருக்கிறாய். அது சேமிப்பு இல்லை. எடுத்துவிட்டேன்.

துஆவுடன்,
உன் மாமி
அத்தியா பேகம்


ஷார்ஜா
9 பிப்ரவரி 2025
(ஆபீஸ் மின்னஞ்சலிலிருந்து)

மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை நம் பக்கத்தில் எழுதாமல் மின்னஞ்சலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் லேப்டாப்பை அவரும் திறப்பார். என்னுடையது என்று இங்கே எதுவும் தனியாகப் பூட்டி இருப்பதில்லை. வியாழக்கிழமை அவர் உங்கள் பக்கங்களைப் பார்த்தார்.

மலைச்சரக்கில் வந்து நின்றார். மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு, “அத்தாவும் இப்பிடித்தான் ஆரம்பிச்சாரு” என்றார்.

மாமாவின் கடைசி வருடம் எனக்கும் நினைவிருக்கிறது. தன் மலைச்சரக்கு மண்டியை மூடி, கட்டடத்தை மூன்று கடையாக வாடகைக்கு விட்டு எத்தனையோ காலம் ஆன பிறகும், “கடுக்காய் லோடு இறங்கிச்சா? கல்வராயன் மலையிலேருந்து புளி வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். உங்கள் பக்கத்திலும் அதே கடுக்காய், அதே புளி. அம்மாவும் மண்டி இன்னும் நடப்பதாக நினைக்கிறார் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

இருபதாம் தேதி வருகிறார். சென்னையில் மறதி நோய்க்குப் பெயர்போன டாக்டர் ஒருவரிடம் உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறார். டாக்டர் ஏதாவது சொன்னால், வாடகை, குத்தகை, பேங்க், வீட்டு இரும்புப் பெட்டிச் சாவி எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு உங்களை இங்கே கூட்டிவந்துவிடுவார். கள்ளக்குறிச்சி வீட்டைப் பூட்டப் போகிறார்.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஒற்றுப் பிழைக்குக் கோபப்படுகிறவருக்கு மறதியா? புளிக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது. என்ன மாமி அது? சொன்னால் நான் அவரிடம் எடுத்துச் சொல்ல முடியும். பதிலை இந்த முகவரிக்கே எழுதுங்கள்.

கவலையுடன்,
மாஹிரா


கள்ளக்குறிச்சி
10 பிப்ரவரி 2025

மாஹிரா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுபத்து நான்கு வயதில் மகன் என்னைப் பரீட்சைக்கு அனுப்புகிறான். அவன் மேல் கோபம் வந்தது. பிறகு அவன் அத்தாவை அவன் எப்படிப் பார்த்தான் என்பது நினைவுக்கு வந்தது. கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

நீ கேட்டதால் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பதில் ஒரு ரூபாய்கூட என்னுடையது இல்லை. அது அமானத். பிறர் நம்பி ஒப்படைத்தது.

மாமாவின் மண்டிக்கு மலையிலிருந்து சரக்கு கொண்டுவரும் பெண்கள் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, “மீதி உங்ககிட்டயே இருக்கட்டும் பாய்” என்று போய்விடுவார்கள். மழைக் காலத்தில் வந்து வாங்கிக்கொள்வார்கள். அப்படித் தொடங்கியது. மண்டி மூடிய பிறகும் அவர்கள் வந்தார்கள். மலையில் இருப்பவர்கள், கீழே கரும்பு வெட்டுகிறவர்கள், ஓரளவு வசதியானவர்களும் இப்போது உண்டு. எல்லோரும் பெண்கள்.

பேங்கில் போடு என்று நானே ஒருத்தியிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “போட்டா எம் போன்லயா பாயம்மா சத்தம் வரும்? அந்தாளு போன்லதான் டிங்குன்னு வரும். ஏது துட்டு, எப்புடி வந்திச்சுன்னு விடியற வரைக்கும் கேட்டுக்கினு இருப்பான். பொண்ணுக்குப் பரீச்சைப் பணம் கட்ட எடுத்தாலும் அங்கதான் சத்தம். உங்க பொட்டி சத்தமே போடாது.”

எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

கடைசி வருஷத்தில் மாமா தேன் கொண்டுவருகிறவள் பணத்தைச் சாமைக்காரியிடம் கொடுத்துவிட்டார். அவள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள். அன்று முதல் எழுதி வைக்கிறேன். எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் ஆஷிக்குக்கு முன்பே எனக்கு உண்டு. ஆனால் பெயர்களை எழுத முடியாது. மண்டியில் மாமா ஆட்களைச் சரக்கின் பெயரால்தான் கூப்பிடுவார். “கடுக்காய் வந்தாச்சா, சாமையை உட்காரச் சொல்” என்பார். நானும் அப்படியே எழுதினேன். நீ உரிமையாளராக இருந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது.

ஆஷிக்கிடம் சொல்வதற்கு இல்லை. இந்தப் பெண்களில் ஒருத்தியின் கணவன் அவனோடு பள்ளியில் படித்தவன். இன்றும் இருவரும் போனில் பேசிச் சிரிக்கிறார்கள். ஆஷிக் கெட்டவன் இல்லை. ஆனால் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிடுவான். அந்தச் சிரிப்பில் ஒருத்தி வீட்டில் அடுப்பு எரியாது.

நீ அவனிடம் என்ன சொல்வதென்பது உன் புத்தி. என்னைக் காப்பாற்றுவதற்காக அவர்களைக் காட்டிக் கொடுக்காதே. நான் அந்த டாக்டர் முன் உட்காரத் தயார். ஐந்து பொருளின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் கழித்து நினைவிருக்கிறதா என்று கேட்பார்களாம். ஒன்பது பெண்களின் பெயரை யாரிடமும் சொல்லாமல் நினைவில் வைத்திருக்கிறேன். ஐந்து என்ன பெரிய விஷயம்?

உன் மாமி
அத்தியா பேகம்


ஷார்ஜா
27 பிப்ரவரி 2025

மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை தாளில் எழுதுகிறேன். கொண்டுவருபவள் ஜெபீனா. என்னோடு வேலை பார்க்கும் உளுந்தூர்பேட்டைப் பெண். தங்கை நிக்காஹுக்காக ஊருக்கு வருகிறாள். பத்தாம் தேதி திரும்பிவிடுவாள்.

சென்னையில் நடந்ததை அவர் வந்து சொன்னார். டாக்டர் கேட்ட ஐந்து பொருளையும் நீங்கள் வரிசையாகவும் சொல்லி, தலைகீழாகவும் சொன்னீர்களாமே. டாக்டர் எழுதியிருந்த மருந்துச் சீட்டில் எழுத்துப் பிழை வேறு கண்டுபிடித்தீர்களாம். “அம்மாவ செக் பண்ண கூட்டிட்டுப் போனேன், அவங்க டாக்டர செக் பண்ணிட்டாங்க” என்றார். சிரிக்கவும் முடியாமல், தோற்றதை ஒப்புக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டைப் பூட்டும் பேச்சு இப்போது இல்லை.

ஆனால் புளி என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். அது மாமியின் சொந்த விஷயம், கணக்கில் பிசகில்லை, நான் சரிபார்த்துவிட்டேன் என்றேன். “எங்க அம்மா விஷயம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா?” என்றார். நான் சொல்லவில்லை. மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை. அது எனக்குப் புதிதும் இல்லை.

நீங்கள் எழுதிய அந்தப் பெண்ணின் பேச்சை ஆபீஸில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் மலையில் இருக்கிறாளோ கீழே இருக்கிறாளோ தெரியாது. இங்கே மாதக் கடைசியில் என் சம்பளம் விழும்போது சத்தம் வருவது என் போனில் இல்லை.

உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டேன். இனி நான் உறுப்பினர்.

ஜெபீனாவிடம் ஒரு சிறு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். இரண்டு தங்கக் காசு. ஆபீஸில் கையில் தந்த ஓவர்டைம் பணத்தில் வாங்கியது. உங்கள் பெட்டியில் இடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மகன். வேண்டாம் என்று தோன்றினால் ஜெபீனாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

மாஹிரா


கள்ளக்குறிச்சி
8 மார்ச் 2025

அன்பு மாஹிரா,

நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. உடம்புக்குக் குறையில்லை. மாத்திரையை விடியற்காலை ஸஹருக்கும் மாலை இஃப்தாருக்கும் பிரித்து வைத்து, மருந்துப் பக்கத்தில் இரண்டு வண்ணமாக எழுதிவிட்டேன். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

ஜெபீனா வந்தாள். நல்ல பெண். நோன்பு திறக்க அவளை இருக்கச் சொன்னேன். பஸ் போய்விடும் என்று கஞ்சியைத் தூக்கில் வாங்கிக்கொண்டு போனாள். பொட்டலத்தை அவள் எதிரிலேயே பிரித்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு காசும் இருக்கின்றன. பெட்டியில் வைத்துவிட்டேன். திருப்பி அனுப்பவில்லை.

நான் எதையும் கிளறிப் பார்க்காமல் விட்டவள் இல்லை. ஒரு முக்கோணம் கண்ணில் பட்டால்கூட உள்ளே என்ன மடித்து வைத்திருக்கிறது என்று விரித்துப் பார்க்கிறேன். அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபோது எனக்குள் எத்தனை கேள்விகள் எழுந்தன என்பதை நீயே யோசித்துக்கொள். நான் அவனைப் பெற்றவள். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு பகல் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். நல்ல வாக்கியங்களாகத்தான் வந்தன. அஸர் தொழுதுவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். பணம் வைக்க வந்தவளிடம் கேள்வி கேட்டால், அடுத்த முறை அவள் வரமாட்டாள். மாமா இதை எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவர் கேட்டு நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நேற்று ஆஷிக் போனில் பேசினான். நோன்பைப் பற்றிப் பேசினோம், வெயிலைப் பற்றிப் பேசினோம். உன் பெயரை அவன் எடுத்தான், நான் எடுக்கவில்லை. கேள்வி எத்தனை முறை என் நாக்கு நுனிவரை வந்து திரும்பியது என்பதை அல்லாஹ் அறிவான்.

இப்போது நான் உரிமையாளர். முதல் வேலையாக மலைச்சரக்குப் பக்கத்திலிருந்து உன்னை நீக்கிவிட்டேன். தப்பாக நினைக்காதே. உன் லேப்டாப்பை இரண்டு பேர் திறக்கிறார்கள். மற்ற பக்கங்கள் உனக்குத் திறந்தே இருக்கின்றன. வழக்கம்போல எழுது, ஒற்றுப் பிழைகளோடு. ஷார்ஜா திரும்பும் முன் ஜெபீனா நாளை மறுபடி வருவாள்; இந்தக் கடிதத்தை உன் ஆபீஸில் வைத்துக் கொடுக்கச் சொல்லி அவள் கையில் தருவேன். படித்ததும் கிழித்துவிடு.

உன்னுடையதை நீ எப்போது கேட்டாலும் தருவேன். முன்னதாகச் சொல்ல வேண்டியதில்லை. எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்காமல், ஒரு நாள் நீயே ஒரு பெட்டியோடு இங்கே வந்து இறங்கினாலும் இதே முறைதான், மாஹிரா. எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அதற்கு மேல் கேட்க மாட்டேன்.

அத்தியா பேகம்